ஏட்டுச் சுரைக்காயும் 22 மணி நேரமும்

கேள்வி: வணக்கம் சார். எனக்குத் தூத்துக்குடி மாவட்டம், வயது 21. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சென்னையில் தங்கி ஒன்றரை வருடம் விமானி உரிமத்துக்கான டிஜிசிஏ தேர்வுகளுக்குப் படித்தேன். நேவிகேஷன், மீட்டியராலஜி, ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் எல்லாவற்றிலும் 85-க்கு மேல். அதன் பிறகுதான் வடக்கே ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். செஸ்னா 172 என்ற சிறு பயிற்சி விமானத்தில் 22 மணி நேரம் ஆகிவிட்டது. இன்னும் சோலோ (தனியாகப் பறக்க) அனுப்பவில்லை. நடுவில் விமானம் கிடைக்காமல் ஐந்து வாரம் சும்மா இருந்தேன். என் பேட்ச்மேட் ஒருவர் இரண்டு பேப்பரை இன்னும் முடிக்கவே இல்லை. அவர் 14 மணி நேரத்தில் சோலோ போய்விட்டார். "நீ தலையால் ஓட்டுகிறாய், கையால் ஓட்டு" என்கிறார் இன்ஸ்ட்ரக்டர். சீனியர்கள் "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று கிண்டல் செய்கிறார்கள். அப்பா வீட்டை அடமானம் வைத்துப் பணம் கட்டியிருக்கிறார். ஒன்றரை வருடத்தைப் புத்தகத்தில் வீணாக்கிவிட்டேனா? விமானம் ஓட்டக் கற்க தியரி முக்கியமா, பிராக்டிகல் முக்கியமா?

பதில்: தம்பி, "நடுவில் விமானம் கிடைக்காமல் ஐந்து வாரம் சும்மா இருந்தேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். தியரியா பிராக்டிகலா என்ற வழக்கை அப்புறம் பார்ப்போம்.

ஆரம்ப நாட்களில் விமானத்தை இறக்குவது முழுக்கப் பழக்கத்தின் வேலை. முதல் 15 மணி நேரத்தில் கண்ணும் கையும் பிடித்து வைத்திருப்பது ஈர மணலில் எழுதிய எழுத்து மாதிரி. ஐந்து வாரம் விட்டால் பாதி அழிந்துவிடும். திரும்பி வந்ததும் மூன்று நான்கு மணி நேரம் பழையதை மீட்பதற்கே போகும். அதனால் உங்கள் 22-ஐயும் நண்பரின் 14-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே தப்பு. அவர் அந்த 14 மணி நேரத்தை எத்தனை நாளில் பறந்தார் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் முடித்திருப்பார் என்பது என் ஊகம்.

அப்பாவின் பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், அது உங்கள் மனதை அரித்துக்கொண்டிருப்பது தெரிகிறது. கமர்ஷியல் லைசென்ஸுக்கு நம் ஊரில் மொத்தம் 200 மணி நேரம் வேண்டும். அதில் 100 மணி நேரம் நீங்களே பைலட்-இன்-கமாண்டாக, அதாவது விமானத்துக்குப் பொறுப்பான விமானியாக, இருக்க வேண்டும். மீதியில் பெரும்பகுதி எப்படியும் இன்ஸ்ட்ரக்டரோடுதான் போகப்போகிறது. இப்போது சோலோவுக்கு முன்னால் கூடுதலாகப் போன எட்டு மணி நேரமும் அந்த 200-க்குள்தான் எழுதப்படுகிறது. யாரும் அதைத் தூக்கிக் குப்பையில் போடவில்லை. நான் சோலோ அனுப்பியவர்களில் 12 மணி நேரத்தில் போனவரும் உண்டு, 30-ஐத் தாண்டியவரும் உண்டு. இன்று அவர்கள் பறப்பதைப் பார்த்து யார் முதலில் போனார், யார் கடைசியில் போனார் என்று கேட்டால் என் லாக் புக்கைப் புரட்டாமல் சொல்லத் தெரியாது.

சரி, இனி கேள்விக்கு வருகிறேன்.

இதே கேள்வி 1901-லேயே எழுந்திருக்கிறது. அப்போது இன்னும் எஞ்சின் வைத்த விமானமே பறக்கவில்லை. வில்பர் ரைட் சிகாகோவில் பொறியாளர்கள் கூட்டத்தில் பேசினார். முரட்டுக் குதிரையை ஓட்டக் கற்க இரண்டு வழி உண்டு என்றார். ஒன்று, ஏறி உட்கார்ந்து கற்பது. மற்றது, வேலியில் உட்கார்ந்து அதைக் கவனித்துவிட்டு வீட்டுக்குப் போய் யோசிப்பது. இரண்டாவது பத்திரமானது, ஆனால் நல்ல சவாரிக்காரர்களை அதிகம் உருவாக்குவது முதலாவதுதான் என்பது அவர் கருத்து. அவருக்கு முன்னோடியான ஜெர்மானியர் லிலியென்தால் ஐந்து வருடம் கிளைடரில் பயிற்சி செய்தும், உண்மையில் காற்றில் இருந்த நேரத்தைக் கூட்டினால் சுமார் ஐந்து மணி நேரம்தான் தேறும், அது எப்படிப் போதும் என்றும் கேட்டார்.

உங்கள் சீனியர்கள் கேட்டால் கைதட்டுவார்கள். ஆனால் அந்தக் கதை அங்கே முடியவில்லை. அப்படிப் பேசிய மனிதர் ஊருக்குத் திரும்பி, அதே ஆண்டு தம்பியோடு சேர்ந்து ஒரு மரப் பெட்டியில் காற்றுச் சுரங்கம் செய்தார். கிளைடர் எதிர்பார்த்த தூக்குவிசையைத் தரவில்லை, அன்று கிடைத்த அட்டவணைகள் மேல் சந்தேகம். சுமார் 200 குட்டி இறக்கைகளை அந்தப் பெட்டிக்குள் வைத்து அளந்தார்கள். அந்த எண்களிலிருந்து வந்ததுதான் 1902-இன் கிளைடர். அதில் நூற்றுக்கணக்கான முறை சறுக்கிப் பழகிய பிறகுதான் எஞ்சினைப் பொருத்தினார்கள். குதிரையில் ஏறு என்று சொன்னவரே வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட உட்கார்ந்தார். போட்ட கணக்கோடு மறுபடி போய் ஏறினார்.

நீங்கள் ஒன்றரை வருடம் வேலியில் மட்டும் உட்கார்ந்திருந்தீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். படித்தது பிழையில்லை. படித்ததற்கும் பறந்ததற்கும் நடுவில் இத்தனை மாதம் விழுந்ததுதான் பிழை. அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். "எல்லா பேப்பரையும் முடித்துவிட்டுப் பறக்கப் போ" என்று நம் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். பணக் கணக்கில் அது சரியும்கூட: பேப்பரில் தேறாதவர் லட்சங்களைக் கட்டிவிட்டு மாட்டிக்கொள்வதைவிட இது மேல்.

ஆனால் ஒன்றை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த 85 எப்படி வந்தது? வினா வங்கியை நான்கு தடவை ஓட்டி, எந்த விடை எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குப் படித்ததா? அப்படியென்றால் அதை நான் தியரி என்று சொல்ல மாட்டேன், மனப்பாடம் என்பேன். ஒரு சின்னச் சோதனை. டேக்-ஆஃப் ஓட்டத்தில் மூக்கு ஏன் இடது பக்கம் இழுக்கிறது? ப்ரொப்பெல்லரை வைத்து நான்கு காரணம் கடகடவென்று சொல்வீர்கள். த்ராட்டிலை (எஞ்சின் பவரைக் கூட்டும் குமிழை) முழுதாகத் தள்ளும்போது உங்கள் வலது கால் பெடலை, மூக்கு திரும்புவதற்கு முன்னால் அழுத்துகிறதா, திரும்பிய பிறகு அழுத்துகிறதா? பிறகுதான் என்றால், விடை தலைக்குத் தெரியும், காலுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

பல வருடம் முன்பு என்னிடம் ஒரு மாணவர் இருந்தார். டெக்னிக்கலில் 94. கார்புரேட்டர் ஐஸிங் (பெட்ரோலும் காற்றும் கலக்கும் இடத்தில் பனி கட்டுவது) என்று ஆரம்பித்தால் போதும், நிறுத்த முடியாது. பெட்ரோல் ஆவியாகும்போதும், குறுகிய தொண்டையில் காற்று வேகமெடுக்கும்போதும் உள்ளே வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல் விழலாம். அதனால் வெளியே 25 டிகிரி இருந்தாலும் ஈரப்பதம் அதிகமென்றால் பனி கட்டும். பவர் குறைத்து இறங்கும்போது ஆபத்து அதிகம். ஒரு எழுத்து பிசகாது.

மழை விட்ட ஒரு காலையில், பழைய கார்புரேட்டர் எஞ்சின் வைத்த செஸ்னாவில் இருவரும் இறங்கிக்கொண்டிருந்தோம். ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) மெல்லக் குறைந்தது. அவர் த்ராட்டிலைக் கொஞ்சம் தள்ளினார். மறுபடி குறைந்தது. மறுபடி தள்ளினார். ரன்வே எட்டும் உயரத்தில்தான் இருந்தோம், அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. எஞ்சின் லேசாக உதற ஆரம்பித்ததும், "என்னவாக இருக்கும்?" என்று மட்டும் கேட்டேன். சட்டென்று முகம் மாறியது, கார்ப் ஹீட்டை, அதாவது கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் குமிழை, இழுத்தார். இழுத்ததும் எஞ்சின் முன்னைவிட மோசமாக உதறியது. பதறிப்போய் உடனே உள்ளே தள்ளிவிட்டார்.

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைத்தான் செய்வார்கள். ஒன்றைத் தொட்டேன், நிலைமை மோசமானது, விட்டுவிட்டேன். சமையலறையில் சூடான பாத்திரத்தைத் தொட்ட கை செய்வதும் அதுதான். ஆனால் இங்கே மோசமாவதுதான் மருந்து வேலை செய்வதற்கு அடையாளம். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதனால் பவர் முதலில் விழும். உருகிய பனி தண்ணீராக எஞ்சினுக்குள் போகும், அதனால் உதறும். கொஞ்ச நேரம் பொறுத்தால் சரியாகும். அவர் கையைப் பிடித்துத் திரும்ப இழுக்க வைத்து, விடாமல் அப்படியே வைத்திருந்தேன். ஆர்பிஎம் ஏறியது. தரையிறங்கி எஞ்சினை அணைத்த பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சார், இதுவும் புத்தகத்தில் இருந்தது" என்றார். இருந்தது. மார்க் தரும் வரிக்கு அடுத்த வரியில் இருந்தது.

இதில் யாருக்கு வெற்றி என்று சொல்வீர்கள்? கையை மட்டும் நம்பினால் கை அந்தக் குமிழை உள்ளே தள்ளத்தான் செய்யும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், முதல் தடவை உதறும்போது எதற்காக உதறுகிறது என்று தெரியாவிட்டால் தாக்குப்பிடிக்க முடியாது. அந்த உதறலை ஒருமுறை உட்கார்ந்து அனுபவிக்காதவருக்கோ, புத்தகம் சரியான நேரத்தில் கை கொடுக்காது.

இப்போது உங்கள் தரையிறக்கம். நான் பார்க்கவில்லை, ஆனாலும் ஊகிக்கிறேன். தவறாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஃபைனலில் (ரன்வேக்கு நேராக இறங்கி வரும் கடைசிக் கட்டத்தில்) வேகம் 65 நாட் என்று படித்திருக்கிறீர்கள், அதனால் கண் வேகமானியை விட்டு நகர்வதே இல்லை. முள் 70 காட்டுகிறது. மூக்கைத் தூக்குகிறீர்கள். முள் உடனே இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் தூக்குகிறீர்கள். திடீரென்று 60. பயந்து மூக்கை இறக்குகிறீர்கள். ரன்வே முனை வருவதற்குள் இது ஐந்தாறு தடவை நடந்துவிடுகிறது. அப்புறம் ஃப்ளேரில் (தரையைத் தொடும் முன் மூக்கைத் தூக்கும் நேரத்தில்) கண் மூக்குக்கு நேர் கீழே இருக்கும் தரையைப் பார்க்கிறது. ஒன்று தாமதமாகத் தூக்கித் தொப்பென்று விழும், இல்லையென்றால் அதிகம் தூக்கி பலூன் மாதிரி மிதக்கும்.

இதைத்தான் உங்கள் இன்ஸ்ட்ரக்டர் "தலையால் ஓட்டுகிறாய்" என்கிறார். பாதிதான் சரி. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள பொருளின் வேகம், மூக்கு அசைந்த அதே நொடியில் மாறாது. மூக்கின் நிலையும் பவரும் சேர்ந்துதான் வேகத்தைத் தருகின்றன. முள் அதைப் பின்னால் வந்து சொல்கிறது. இது அப்பட்டமான தியரி, தேர்வில் நீங்களே எழுதியிருப்பீர்கள். அதை நம்பியிருந்தால் அடிவானத்துக்கும் எஞ்சின் மூடிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்து மூக்கை நிறுத்தி, ட்ரிம் செய்து (கை அழுத்தாமலே மூக்கு அங்கேயே நிற்கும்படி வைத்து), காத்திருந்திருப்பீர்கள். ஆக உங்கள் சிக்கல் தியரி அதிகமானதால் வந்தது இல்லை. படித்ததை நம்பாமல் முள்ளை நம்புவதால் வந்தது.

அடுத்த சார்டியில் (பயிற்சிப் பறப்பில்) இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டு வேகமானி மேல் ஒரு காகிதத்தை ஒட்டச் சொல்லுங்கள். அவர் பக்கத்தில் இருக்கும்போது இரண்டு சர்க்யூட் (ஏரோட்ரோமைச் சுற்றி வந்து இறங்குவது) அப்படியே ஓட்டுங்கள். இறங்கியதும் உங்கள் வேகம் எவ்வளவு இருந்தது என்று அவரைக் கேளுங்கள். அநேகமாக 65-ஐ ஒட்டித்தான் இருந்திருக்கும், ஆச்சரியப்படுவீர்கள். ஃப்ளேரில் கண் ரன்வேயின் மறுமுனைக்குப் போகட்டும். சைக்கிள் பழகும்போது முன்சக்கரத்தைப் பார்த்தால் விழுவோம், ரோட்டைப் பார்த்தால் போவோம். குரங்குப் பெடல் போட்ட காலத்தில் நமக்கு இதை யாரும் எழுதித் தரவில்லை, ஆனாலும் கற்றுக்கொண்டோம்.

பத்து நிமிட பிரீஃபிங் இல்லாமல் விமானத்தில் ஏறாதீர்கள், ஐந்து நிமிட டீப்ரீஃபிங் இல்லாமல் அவரைப் போக விடாதீர்கள். இன்ஸ்ட்ரக்டருக்கு அடுத்த மாணவர் காத்துக்கொண்டிருப்பார், அவசரப்படுவார். பரவாயில்லை, கூடவே நடந்துகொண்டு கேளுங்கள். தரையில் விளக்கி, மேலே செய்து காட்டி, மாணவரைச் செய்ய விடுவது யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிய விதிமுறை இல்லை. 1917-இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி இந்த முறையைக் கொண்டுவந்தார். அதுவரை மாணவர்களை ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது), ஸ்பின் (அப்படியே சுழன்று விழுவது) பக்கமே போகாதே என்று விரட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் இரட்டைக் கட்டுப்பாட்டு விமானத்தில், பேசும் குழாய் வழியாக விளக்கிக்கொண்டே, வேண்டுமென்றே அதற்குள் கூட்டிப்போய் வெளியே வரக் கற்றுக்கொடுத்தார். அதே காலத்தில் ஃபார்ன்பரோவில் லிண்டெமன் என்ற இயற்பியலாளர் தானே விமானம் ஓட்டக் கற்று, ஸ்பின்னில் விழுந்தபடியே கருவிகளைப் படித்துவந்து கணக்கைச் சரிபார்த்தார். அவரை எந்தக் கட்சியில் சேர்ப்பது?

உங்கள் நண்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு உங்களைவிட அவர் மேல்தான் கொஞ்சம் கவலை. அவருக்குக் கை வாய்த்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் கை வாய்த்தவர்களுக்குச் சோதனை சோலோவில் வருவதில்லை, இன்னும் ஐம்பது அறுபது மணி நேரம் கழித்து வரும். பேஸிலிருந்து (ரன்வேக்குக் குறுக்கே பறக்கும் பகுதியிலிருந்து) ஃபைனலுக்குத் திரும்பும்போது காற்று தள்ளி ரன்வே கோட்டைத் தாண்டிவிடுகிறார் என்று வையுங்கள். கை என்ன செய்யும்? இன்னும் சாய்க்கும், உயரம் போகாமல் இருக்க யோக்கை (கட்டுப்பாட்டுக் கைப்பிடியை) இழுக்கும். நேராகப் பறக்கையில் 48 நாட்டில் ஸ்டால் ஆகும் விமானம், உயரம் விடாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் 68 நாட்டிலேயே ஸ்டால் ஆகும். அவர் 65-இல் வந்துகொண்டிருக்கிறார். கீழே 500 அடிகூட இல்லை. இதைக் கைக்குப் பழக்கிக்கொடுக்க வழியே இல்லை, அந்த உயரத்தில் யாரும் இதைச் செய்து பார்த்துப் பழக முடியாது. அங்கே அவரைக் காப்பாற்றக்கூடியது அந்த 68 என்ற எண்ணும், "விடு, கோ-அரவுண்ட் போ (இறங்காமல் மேலே ஏறிவிடு)" என்ற முன்முடிவும்தான்.

மணி நேரம் ஏறினால் எல்லாம் வந்துவிடும் என்று சொல்பவர்களிடம் நான் ஒரு விபத்தைச் சொல்வேன். 2009 பிப்ரவரி 12 இரவு, அமெரிக்காவில் பஃபலோ நகரை நெருங்கிக்கொண்டிருந்த கோல்கன் ஏர் 3407. வேகம் குறைந்துபோனதை விமானிகள் இருவருமே கவனிக்கவில்லை. ஸ்டால் வரப்போகிறது என்று யோக் அதிர்ந்து எச்சரித்தது. கேப்டன் மூக்கை இறக்காமல் இழுத்தார். விமானமே தானாக மூக்கைக் கீழே தள்ளப் பார்த்தபோதும் எதிர்த்து இழுத்தார். விமானத்தில் இருந்த 49 பேரும், தரையில் ஒருவரும் இறந்தார்கள். அந்தக் கேப்டனுக்கு 3,000 மணி நேரத்துக்கு மேல் அனுபவம், துணை விமானிக்கு 2,000-க்கு மேல். இதற்குப் பிறகுதான் அங்கே ஏர்லைனில் சேர 1,500 மணி நேரம் வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த இருவரிடமும் அது ஏற்கெனவே இருந்தது என்பதை நினைத்துப் பார்க்கிறேன். உருப்படியான மாற்றம் என்று நான் நினைப்பது வேறு. அதுவரை ஸ்டால் பயிற்சியில் உயரம் இழக்காமல் மீட்பதையே பெருமையாக வைத்திருந்தார்கள். அதை மாற்றி, உயரம் போனாலும் போகட்டும், முதலில் மூக்கை இறக்கு என்று சொல்ல ஆரம்பித்தார்கள். தவறான எண்ணத்தோடு செய்யும் பழக்கம் கைக்குத் தவறைத்தான் பழக்கும்.

ஏட்டுச் சுரைக்காயைப் பற்றி உங்கள் சீனியர்களிடம் ஒன்று கேளுங்கள். மே மாத மதியம், 40 டிகிரி வெயில், கடல் மட்டத்திலிருந்து 1,000 அடி உயரத்தில் ஒரு ஏரோட்ரோம். அந்தக் காற்றில் விமானம் எத்தனை அடியில் இருப்பது போல் நடந்துகொள்ளும்? சுமார் 4,200 அடி. டேங்க் நிரப்பி மூன்று பேர் ஏறினால் ரன்வே முனையில் இருக்கும் மரத்தைத் தாண்டுமா என்பது கை சொல்லும் விஷயம் இல்லை. ஏட்டில்தான் இருக்கிறது.

இனி விமானம் கிடைக்காத நாட்களில் சும்மா இருக்காதீர்கள். அறையில் நாற்காலியில் உட்கார்ந்து, கையில் ஒரு தட்டையும் காலடியில் இரண்டு செங்கலையும் வைத்துக்கொண்டு, ஒரு சர்க்யூட்டை வாய்விட்டுச் சொல்லிச் செய்யுங்கள். டவுன்விண்டில் (ரன்வேக்கு இணையாகப் பறக்கும்போது) எதைத் தொடுவீர்கள், எங்கே பவரைக் குறைப்பீர்கள், ஏடிசியிடம் (விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம்) என்ன சொல்வீர்கள், எல்லாம் ஓட்டும் வேகத்திலேயே. ரூம்மேட் சிரிப்பார். சிரிக்கட்டும். ஒரு மணி நேரம் பறக்கப் பத்தாயிரத்துக்கு மேல் ஆகிறது, நாற்காலிக்கு ஒன்றும் ஆகாது. இரவில் நாளைக்கு என்ன செய்யப்போகிறீர்களோ அந்த இரண்டு பக்கத்தை மட்டும் புத்தகத்தில் படியுங்கள். பறந்துவிட்டு வந்து அதே இரண்டு பக்கத்தை மறுபடி படியுங்கள். அப்போதுதான் கார்ப் ஹீட் கதையில் சொன்ன "அடுத்த வரி" கண்ணில் படும். வீட்டு சிமுலேட்டர் வைத்திருந்தால் ரேடியோவுக்கும் செக்லிஸ்ட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தரையிறக்கத்தை அதில் பழக வேண்டாம், கண்ணைக் கெடுக்கும்.

அப்புறம் அந்த நண்பரோடு ஒரு பேரம் பேசுங்கள். அவருக்கு பாக்கி இருக்கும் இரண்டு பேப்பரையும் நீங்கள் சொல்லிக்கொடுங்கள். அவர் இன்ஸ்ட்ரக்டரோடு பறக்கும் நாட்களில், அனுமதி கிடைத்தால், உங்களைப் பின் சீட்டில் உட்கார வைக்கட்டும். 172-இல் அந்த வசதி இருக்கிறது, 152-இல் கிடையாது. கையில் எதுவும் இல்லாமல் பின்னால் உட்கார்ந்து பத்துத் தரையிறக்கம் பார்த்தால், ரன்வே எந்த நொடியில் அகலமாக விரிகிறது என்று உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

கேட்க மறந்துவிட்டேன், உங்கள் உயரம் எவ்வளவு? ஒவ்வொரு முறையும் சீட்டை ஒரே உயரத்தில்தான் வைக்கிறீர்களா? ஒரு நாள் இரண்டு அங்குலம் தாழ்வாக உட்கார்ந்தால் ஃப்ளேரில் தெரியும் காட்சியே வேறு, முந்தின நாள் கற்றது அத்தனையும் குழம்பிப்போகும். 26 மணி நேரமாகியும் இறக்க வராமல் அழுத ஒரு பெண்ணை அடுத்த வாரமே நான் சோலோ அனுப்பினேன். அவருக்கு நான் கொடுத்தது ஒரு குஷன், அதுவும் என் வீட்டு சோபாவிலிருந்து எடுத்தது. இன்னும் திருப்பித் தரவில்லை.